முளைக்க மறுக்கும் விதைகள்

அம்மன் கோயிலில் காப்புக் கட்டியதும் நம் தென்பாண்டிச் சீமைக் கிராமங்களில் முளைப்பாரி போடுவது வழக்கம். மண்ணும் எருவும் நிரப்பிய ஓட்டில் ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, விரதம் இருக்கும் பெண்கள் வேளை தவறாமல் நீர் தெளித்துவர, எட்டாம் நாள் கதவைத் திறந்து பார்க்கும்போது அத்தனை விதைகளும் ஒரே உயரத்தில், இளமஞ்சள் நிறத்தில், ஒன்றோடொன்று தோள் உரச நிமிர்ந்து நிற்கும் காட்சியைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் முளைக்காமல் கிடக்கும் ஒன்றிரண்டைச் சொத்தை என்று தள்ளிவிடுகிறோம். விதைநெல்லை ஊறவைத்து மூட்டம் கட்டும் உழவருடைய தீர்ப்பும் அதுவே: நீர் பட்டதும் முளைப்பது நல்ல விதை, நீர் பட்டும் முளைக்காதது பதர்.

வயலில் முற்றிலும் நியாயமான இந்தத் தீர்ப்பைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோனால் அது தலைகீழாகிவிடும். அங்கே முதல் மழைக்கு அத்தனை விதைகளையும் முளைக்கவிட்ட செடியினங்கள் என்றோ பூண்டற்றுப் போயின. இன்று அந்த மணலில் வாழ்பவை, நல்ல மழை பெய்து, நல்ல ஈரம் நின்று, அக்கம்பக்கத்து விதைகளெல்லாம் முளைத்தெழுந்த பிறகும் தம் விதைகளில் ஒரு பகுதியை மண்ணுக்குள்ளேயே உறங்க வைத்திருந்த இனங்களின் சந்ததிகளே. முளைப்பது எவ்வளவு பெரிய காரியமோ அவ்வளவு பெரிய காரியம் முளைக்க மறுப்பதும் என்பதை அந்தச் செடிகளிடமிருந்துதான் தாவர சாஸ்திரிகள் கற்றார்கள்.

பாலைவனத்தில் வாழ்வதற்குத் தாவரங்கள் கைக்கொண்ட வழிகள் பல. கள்ளியினம் பெய்த நீரை உடம்பிலேயே சேமித்துக்கொள்கிறது. வன்னி போன்ற மரங்கள் ஆழத்துக்கு வேரை இறக்கி நிலத்தடி நீரைத் தேடிக்கொள்கின்றன. இவை இரண்டும் வறட்சியோடு போராடி வாழ்கின்றன. ஒருபருவச் செடிகளோ போராடுவதே இல்லை. மழைக்கு முளைத்து, சில வாரங்களில் பூத்து, காய்த்து, விதை சிந்தி, வெயில் ஏறுமுன் மாண்டுபோகும் இந்தச் சிறு செடிகள், வறட்சிக் காலம் முழுவதையும் கடுகினும் சிறிய விதையாகவே கழித்துவிடுகின்றன. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் சொனோரா பாலைவனத்துத் தாவர இனங்களில் ஏறக்குறையப் பாதி இவ்வகையைச் சேர்ந்தவை. செடியாக இருக்கும்போது நம் தோட்டத்துக் கீரையைப் போலவே மென்மையான இலையும் மெல்லிய தண்டும் கொண்ட இவற்றுக்கு வறட்சியைத் தாங்கும் விசேஷ சக்தி அதிகமில்லை. இருக்கும் சக்தியெல்லாம் விதையில் இருக்கிறது. விதையின் சாமர்த்தியமெல்லாம் எந்த நாளில் முளைப்பது என்ற ஒரே முடிவில் இருக்கிறது. உறை கிழிந்து வேர் ஒரு நூலளவு வெளியே நீண்டுவிட்டால் பிறகு திரும்பிப் போக வழியில்லை.

கலிபோர்னியாவில் மரணப் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் உண்டு. கடல் மட்டத்துக்குக் கீழே 86 மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தில் 1913ஆம் வருஷம் ஜூலை 10ஆம் தேதி பதிவான 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம்தான் பூமியில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பம் என்று கணக்கில் இருக்கிறது. வருஷம் முழுவதும் அங்கே பெய்யும் மழை சராசரியாக 50, 60 மில்லிமீட்டர்தான். ஐப்பசி அடைமழையில் சென்னை நகரம் ஒரே நாளில் இதைவிட அதிகமாக நனைவதுண்டு. அப்படிப்பட்ட இடத்தில், பல வருஷங்களுக்கு ஒரு முறை, இலையுதிர் காலத்து மழை தாராளமாகப் பெய்துவிட்டால், மாசி பங்குனி வாக்கில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தரை மஞ்சளாகிவிடுகிறது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, பாலைப்பொன் என்று அந்நாட்டார் பெயரிட்டழைக்கும் செடி முழங்கால் உயரம் வளர்ந்து பூத்துக் குலுங்க, அதன் காலடியில் ஊதாவும் வெள்ளையுமாக வேறு பல பூக்கள் விரிய, தேசத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் அதைக் காணத் திரண்டு போகிறார்கள். 1998, 2005, 2016 ஆகிய வருஷங்களின் மலர்ச்சி அவ்விதம் புகழ் பெற்றது. பார்க்கப் போனவர்கள் பூக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஆனால் அந்தப் பூக்களைவிட ஆச்சரியமானது, முந்திய வருஷங்களில் அங்கே ஒன்றுமே இல்லை என்று தோன்றிய சரளை மண்ணுக்குள், ஒவ்வொரு சிறு தூறலையும் வேண்டாமென்று ஒதுக்கியபடி அத்தனை விதைகளும் காத்துக் கிடந்த பொறுமைதான்.

சிறு தூறலை வேண்டாமென்று ஒதுக்குவது விதைக்கு எப்படிச் சாத்தியம்? இந்தக் கேள்விக்கு முதன்முதலில் பரிசோதனை மூலம் விடை தேடியவர்களில் முக்கியமானவர் ஃபிரிட்ஸ் வென்ட். ஹாலந்து தேசத்தவரான இவர், செடியின் தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைவதற்குக் காரணமான வளர்ச்சிப் பொருளை ஓட்ஸ் முளையின் நுனியிலிருந்து பிரித்துக் காட்டி இளம் வயதிலேயே பெயர் பெற்றவர்; பின்னர் கலிபோர்னியாவில் குடியேறி, வெப்பத்தையும் ஈரத்தையும் இஷ்டப்படி அமைத்துச் செடி வளர்க்கும் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவியவர். 1940களில் அவர் பாலைவனத்து மேல்மண்ணைப் பெட்டி பெட்டியாக வாரிக்கொண்டு வந்து, அதில் எந்த விதை இருக்கிறது என்று பொறுக்காமல், மண்ணை அப்படியே தட்டுகளில் பரப்பிச் செயற்கை மழை பெய்வித்துப் பார்த்தார்.

கண்டது இது. மழை சிறிதளவே பெய்தால், மண் நனைந்து விதையும் ஈரம் குடித்த பின்னும் அநேகமாக ஒன்றும் முளைக்கவில்லை. ஓர் அங்குலம், அதாவது சுமார் 25 மில்லிமீட்டர், பெய்ததும் முளைத்தன. இது வெறும் ஈரத்தின் அளவைப் பொறுத்த விஷயம் என்றால், தட்டை நீர்த் தொட்டியில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறிவரச் செய்தாலும் முளைக்க வேண்டும் அல்லவா? அவ்விதம் செய்தபோது மண் சொதசொதவென்று ஊறியும் விதைகள் அசையவில்லை. அதே அளவு நீர் மேலிருந்து மழையாக விழுந்து, மண்ணின் ஊடே இறங்கி, கீழே வடிந்து சென்றபோதுதான் அவை கண் திறந்தன. மேலிருந்து விழும் நீருக்கும் கீழிருந்து ஏறும் நீருக்கும் என்ன வேறுபாடு? இறங்கும் நீர் எதையோ கழுவிக்கொண்டு போகிறது. ஏறும் நீர் கழுவுவதில்லை. விதையின் உறையில் முளைப்பைத் தடுக்கும் சில பொருள்கள் படிந்திருக்கின்றன என்றும், போதுமான மழை அவற்றைக் கரைத்துக் கொண்டுபோன பிறகே கரு விழிக்கிறது என்றும் வென்ட் விளக்கம் கூறினார். அந்தத் தடைப்பொருள், நினைத்துப் பார்த்தால், விதை கையோடு வைத்திருக்கும் ஒரு மழைமானி. சிறு தூறலுக்கு அது கரையாது. செடி வளர்ந்து காய்க்கும் வரை மண்ணில் ஈரம் நிற்கும் என்று சொல்லத்தக்க மழைக்கே கரையும். பிற்கால ஆராய்ச்சிகள் இந்த விளக்கம் எல்லா விதைகளுக்கும் பொருந்துவதில்லை என்று காட்டியிருக்கின்றன. எனினும் அந்தத் தட்டுகளின் சாட்சியம் நிலைத்தது: நீர் இருக்கிறதா என்ற கேள்வியோடு விதை நின்றுவிடுவதில்லை, எவ்வளவு, எவ்விதம் வந்தது என்பதையும் அது அளக்கிறது.

வென்ட் கண்ட இன்னொரு விஷயமும் உண்டு. அதே மண்ணைக் குளிர்ந்த அறையில் நனைத்தால் ஒரு வகைச் செடிகள் முளைத்தன. வெப்பமான அறையில் நனைத்தால் முற்றிலும் வேறு வகைச் செடிகள் முளைத்தன. ஒரே பிடி மண்ணில் இரண்டு தோட்டங்கள் ஒன்றையொன்று சந்திக்காமலே குடியிருக்கின்றன. சொனோரா பாலைவனத்தின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் இரண்டு: குளிர்காலத்தில் மேற்குக் கடலிலிருந்து வரும் மெல்லிய மழை ஒன்று, ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமுழக்கத்தோடு வரும் கோடை மழை மற்றொன்று. பங்குனியில் உதிர்ந்த குளிர்காலச் செடியின் விதை ஆடியில் கொட்டும் மழைக்கு முளைத்துவிட்டால், அந்த வெயிலில் அதற்கு வாழ்வில்லை. ஆகவே புதிதாக உதிர்ந்த விதை எந்த மழைக்கும் மசியாத ஆழ்ந்த உறக்கத்தோடுதான் தாயை விட்டுப் பிரிகிறது. தகிக்கும் கோடை முழுவதும் உலர்ந்து கிடந்து, அந்த வெப்பத்தினாலேயே உள்ளுக்குள் மெல்ல மெல்லப் பக்குவப்பட்டு, குளிர்காலம் வரும்போது அது மழைக்குத் தயாராகிறது. செடியைக் கொல்லும் கோடை வெயிலே விதையைப் பழுக்க வைக்கிறது.

இனி, நெகெவ் பாலைவனத்துக்குப் போவோம். இஸ்ரேலின் தென்பாதியாகிய அந்தப் பிரதேசத்தில், பழங்கால நபாத்திய மக்கள் மலைச்சரிவில் வழிந்தோடும் மழைநீரைத் திருப்பிப் பயிர் செய்த அவ்தாத் என்ற இடத்தின் வயல்களைப் புதுப்பித்து ஆராய்ந்த மைக்கேல் எவெனாரியும், அவருக்குப் பின் அந்தப் பணியைத் தொடர்ந்த இட்ஸ்காக் குட்டர்மானும் பாலைவன விதைகளைப் பற்றி வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்கள். அவர்கள் விவரிக்கும் யுக்திகளைப் படிக்கும்போது, நம் ஊர்க் குழந்தைகளின் விளையாட்டு ஒன்று நினைவுக்கு வருகிறது. வேலியோரத்தில் ஊதாப் பூப் பூக்கும் சிறு செடியின் நீண்ட காய்ந்த காயைப் பறித்து, நாவில் எச்சில் தொட்டோ நீரில் போட்டோ வைத்தால், சில விநாடிகளில் 'பட்'டென்று வெடித்து விதைகள் சிதறும். பட்டாசுக்காய் என்று நாம் அழைக்கும் அந்தச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததே நெகெவில் வளரும் பிளெஃபாரிஸ் என்ற முட்செடி. காய்ந்து இறந்துபோன தாய்ச் செடியிலேயே அதன் காய்கள் இறுக மூடியபடி பல காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். மழை போதிய அளவு நனைத்த பிறகே மூடியிருக்கும் செதில்கள் விலகி, உள்ளே முறுக்கேறி நிற்கும் காய் வெடித்து, விதையை எறியும். எறியப்பட்ட விதையின் மேல் படிந்திருக்கும் மயிர்கள் ஈரம் பட்டதும் விரிந்து, நாம் பானகங்களில் போடும் சப்ஜா விதையைப் போல வழுவழுப்பான கூழால் மூடிக்கொண்டு, விதையை மண்ணோடு ஒட்டவைக்கும். இதிலும் ஒரு நுட்பம்: நீர் மிதமாக இருந்தால் விதை சில மணி நேரத்திலேயே வேர்விட்டுவிடும், நீர் மிஞ்சிப் போய் விதை வெள்ளத்தில் மூழ்கினால், அதே கூழ் தடித்த போர்வையாகி, காற்றை உள்ளே விடாமல் முளைப்பை நிறுத்திவிடும். வெள்ளம் அடித்துச் செல்லும் இடத்தில் வேர்விடுவது வீண் என்பதற்கு இதைவிடச் சரியான ஏற்பாடு வேறு இல்லை.

ஹஜ் யாத்திரை சென்று திரும்புவோர் சிலர் மரியம் பூ என்று ஒரு காய்ந்த சருகுப் பந்தைக் கொண்டுவருவதுண்டு. பார்க்க உயிரற்ற சுள்ளிக்கட்டு. நீரில் இட்டால் ஓரிரண்டு மணி நேரத்தில் கைவிரல் விரிவது போல் விரியும். அது உண்மையில் பூவன்று, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருபருவச் செடியொன்றின் உடல். அரேபியாவிலும் நெகெவிலும் வளரும் இந்தச் செடி, காய்த்து மாண்ட பின் கிளைகளை உள்நோக்கி மடக்கி விதைகளை ஓர் உள்ளங்கைக்குள் மூடுவது போல் மூடிக்கொண்டு, வருஷக்கணக்கில் மணலில் வேரூன்றியபடியே நிற்கும். மழை வரும்போது செத்த கிளைகள் விரிய, விழும் மழைத்துளியின் அடி காய்களில் பட்டு, சில விதைகள் மட்டும் தெறிக்கும். மழை நின்று காய்ந்ததும் கை மறுபடி மூடிக்கொள்ளும். மிச்ச விதைகள் அடுத்த மழைக்கு. தான் இறந்த பிறகும் பிள்ளைகளைக் கணக்குப் பார்த்து வெளியே அனுப்பும் தாய் இது. அஸ்டெரிஸ்கஸ் என்ற மற்றொரு செடியும் இப்படியே. அதன் காய்ந்த பூத்தலையில் வட்ட வட்டமாக அடுக்கியிருக்கும் விதைகள் வெளிவட்டத்திலிருந்து ஒவ்வொரு மழைக்கும் சிலவாக விடுபடுகின்றன. ஜிம்னரீனா என்ற சிறு செடி மண்ணுக்குள் சில பெரிய விதைகளையும் மண்ணுக்கு மேல் காற்றில் பறக்கும் பல சிறு விதைகளையும் ஒருங்கே ஈனுகிறது: முன்னவை வீட்டுக்கு, பின்னவை வெளியூருக்கு.

இத்தனை யுக்திகளும் ஒரு கேள்வியைச் சுற்றியே நிற்கின்றன. விதை மழையை அளக்கிறது, பருவத்தை அறிகிறது, வெள்ளத்தைத் தவிர்க்கிறது. இவ்வளவும் செய்து, சகல லட்சணங்களும் பொருந்திய நல்ல மழை வந்த பிறகும், விதைகளில் ஒரு பகுதி ஏன் உறங்க வேண்டும்? கார்த்திகையில் பெய்த மழை எவ்வளவு தாராளமானாலும் தையில் பெய்யப்போகும் மழையைப் பற்றி அது வாக்குக் கொடுப்பதில்லை என்பதுதான் காரணம். முளைத்த பின் மழை பொய்த்துவிட்டால் முளைத்தவை அத்தனையும் பாழ். எதிர்காலத்தை அறியும் கருவி எந்த விதைக்கும் இல்லை. அறிய முடியாத எதிர்காலத்துக்கு எதிராக ஒரு ஜீவன் செய்துகொள்ளக்கூடிய ஒரே ஏற்பாடு, தன்னிடம் இருப்பதைப் பிரித்துவைப்பது. நம் கரிசல் காட்டு மானாவாரி உழவர், முதல் மழையை நம்பிக் குதிரில் இருக்கும் விதை அத்தனையையும் நிலத்தில் போட்டுவிடாமல், மழை ஏமாற்றினால் மறுவிதைப்புக்கு வேண்டுமென்று கொஞ்சம் நிறுத்திவைப்பதற்கு என்ன நியாயமோ அதே நியாயம்.

இந்த நியாயத்தைக் கணிதமாக எழுதிக் காட்டியவர் டான் கோஹன் என்ற இஸ்ரேலிய அறிஞர். அவருடைய கட்டுரை 1966இல் வெளிவந்தது. அதன் சாரத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம்; எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒரு செடியினத்துக்கு மண்ணில் 100 விதைகள் இருக்கின்றன என்போம். நல்ல வருஷத்தில் முளைத்த ஒவ்வொரு விதையும் 10 விதை தரும். கெட்ட வருஷத்தில் முளைத்தவை ஒன்றும் தராமல் சாகும். முளைக்காதவை பழுதின்றி மண்ணில் இருக்கும். நல்ல வருஷமும் கெட்ட வருஷமும் சரிபாதியாக வருகின்றன. 100 விதைகளும் முளைத்தால் நல்ல வருஷத்தில் 1000 ஆகும், பிரமாதமான லாபம். அடுத்த கெட்ட வருஷத்தில் அந்த 1000மும் முளைத்துப் பூஜ்யமாகும், கதை முடிந்தது. நூற்றுக்குத் 90 முளைத்தால்? முதல் வருஷம் 910. மறு வருஷம் 91. இரண்டு வருஷத்தில் ஒன்பது விதை நஷ்டம். இப்படியே போனால் மெதுவாக, ஆனால் நிச்சயமாக, அழிவு. பாதி மட்டும் முளைத்தால் முதல் வருஷம் 550, மறு வருஷம் 275. கெட்ட வருஷம் முதலில் வந்தாலும் முடிவு அதுவே. இனம் பெருகுகிறது. மிகுந்த ஜாக்கிரதையோடு 10 மட்டும் முளைத்தால் 190, பிறகு 171. பெருக்கம்தான், ஆனால் மந்தம். ஆக, துணிச்சலும் கூடாது, அளவுக்கு மிஞ்சிய பயமும் கூடாது. நல்ல வருஷத்தில் விளைச்சல் ஏராளமாக இருக்குமானால், நல்ல வருஷம் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டோ ஏறக்குறைய அதே விகிதத்தில் விதைகள் முளைப்பதே உத்தமம் என்பது கோஹனுடைய முடிவு. தலைமுறைகள் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருக்குகின்றன. பெருக்கலில் ஒரே ஒரு பூஜ்யம் புகுந்தால் மற்ற எண்கள் எவ்வளவு பெரியவையாயினும் பயனில்லை.

காகிதத்தில் அழகான கணக்கு மண்ணில் மெய்யா என்று பார்க்க, மனித ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட ஒருவர் வேண்டும். அரிஸோனாவில் டூசான் நகரத்துக்கு மேற்கே, கரிய எரிமலைக் கற்கள் மூடிய டூமமாக் என்ற குன்று இருக்கிறது. அம்மண்ணின் பூர்வ குடிகளாகிய ஓதாம் மக்கள் கொம்புப் பல்லியின் பெயரால் அதை அழைத்தார்கள். அங்கே 1903இல் கார்னகி ஸ்தாபனம் ஒரு பாலைவன ஆய்வுக்கூடத்தைக் கட்டி, பிறகு குன்றைச் சுற்றி வேலியிட்டு ஆடுமாடுகள் மேயாமல் காத்தது. அந்தக் குன்றின் அடிவாரத்துச் சிறு பாத்திகளில் 1982 முதல் லாரன்ஸ் வெனபிள் என்ற அரிஸோனாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தம் மாணாக்கர்களோடு குளிர்காலச் செடிகளை எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண்டியிட்டு அமர்ந்து, முளைத்த ஒவ்வொரு முளையையும் அது நிற்கும் இடத்தோடு குறித்து, அது எப்போது செத்தது, எத்தனை விதை தந்தது என்று பின்தொடர்ந்து, மண்ணைத் தோண்டி அதில் முளைக்காமல் எஞ்சிய விதைகளையும் எண்ணி, வருஷா வருஷம் இதையே செய்தார்கள். இப்படிப்பட்ட உழைப்புக்கு மேடையும் மாலையும் கிடைப்பதில்லை. ஆயினும் சாஸ்திரத்தில் சாசுவதமாக நிற்பவை பெரும்பாலும் இத்தகைய பொறுமையின் பலன்களே.

இருபது வருஷத்துக் கணக்கை வைத்துக்கொண்டு 2007இல் வெனபிள் வெளியிட்ட முடிவு கோஹனுடைய கணக்கை மண்ணில் பிரத்தியட்சமாக்கியது. சில இனங்களின் விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் ஓரளவு சீராக இருந்தது. சிலவற்றின் விளைச்சல் ஒரு வருஷம் கொட்டிக் கொடுத்து, மறு வருஷம் அடியோடு பொய்த்தது. சீரானவை தம் விதைகளில் பெரும்பங்கை முளைக்கவிட்டன. ஏற்றத்தாழ்வு மிகுந்தவை பெரும்பங்கை மண்ணில் நிறுத்திவைத்தன. வாழ்வு எவ்வளவுக்கெவ்வளவு நிச்சயமற்றதோ, சேமிப்பு அவ்வளவுக்கவ்வளவு அதிகம். ஓர் இனத்துக்குள்ளேயே இதைப் பார்க்கவும் முடிந்தது. மருந்துக் கடைகளில் இசப்கோல் என்று நாம் வாங்கும் உமி, குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் பயிராகும் ஒரு சிறு பூண்டின் விதையிலிருந்து வருவது. அதே இனம் சொனோரா பாலைவனத்திலும் தானாக வளர்கிறது. மழை சற்று அதிகமான இடத்திலிருந்தும் மிக வறண்ட இடத்திலிருந்தும் அதன் விதைகளை எடுத்து ஒப்பிட்டபோது, வறண்ட இடத்து விதைகளில் முளைத்த பங்கு குறைவாக இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பட்ட அநுபவம் விதைக்குள் எழுதப்பட்டிருக்கிறது. விதை சிந்திக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. அளவறியாமல் முளைத்தவை மாண்டு, அளவோடு முளைத்தவை மிஞ்சியதால் வந்த ஒழுங்கு இது.

ஒரே தாயின் பிள்ளைகளில் ஒன்று விழிப்பதும் ஒன்று உறங்குவதும் எப்படி? பெரும்பாலும் தாயே அதை நிர்ணயித்துவிடுகிறது. சாக்கடல் பக்கத்து உப்பு நிலத்தில் வளரும் ஒரு சதைப்பற்றுப் பூண்டின் காய்க்குள், மேல் அடுக்கில் இருந்த விதைகள் எளிதில் முளைப்பதையும் கீழ் அடுக்கில் இருந்தவை வருஷங்கள் கழித்தே முளைப்பதையும் குட்டர்மான் கண்டார். இதைக் காண நாம் அவ்வளவு தூரம் போகவேண்டுவதில்லை. தார் பாலைவனம் முதல் நம் ஊர்ப் பொட்டல் வரை வறண்ட நிலமெங்கும் படரும் நெருஞ்சியை எல்லோரும் அறிவோம். வெறுங்காலோடு நடந்தவர்கள் நன்றாகவே அறிவார்கள். அதன் காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு முள்துண்டுக்குள்ளும் இரண்டு மூன்று விதைகள் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும். அவற்றுள் பெரியது முதலில் முளைக்கிறது. சிறியவை பின்னொரு மழைக்காகக் காத்திருக்கின்றன. நெருஞ்சியை ஒரு முறை களைந்துவிட்டு ஒழிந்தது என்று நினைத்த தோட்டக்காரர் அடுத்த மழைக்கும் அதே இடத்தில் அதைக் காண்பதன் ரகசியம் இதுதான்.

மண்ணில் காத்திருப்பது ஆபத்தில்லாத காரியமன்று. எறும்பும் எலியும் பாலைவனத்தில் விதையை நம்பியே வாழ்கின்றன. அரிஸோனாவில் 1977 முதல் நடந்துவரும் ஒரு பெரிய பரிசோதனையில், சில வேலியிட்ட நிலங்களிலிருந்து எலிகளை அகற்றிப் பார்த்தபோது அங்கே பெரிய விதையுள்ள செடிகள் பெருகிவிட்டன. எலி தேடுவது பெரிய விதையை. தூசு போன்ற சிறு விதை மண் இடுக்கில் நழுவி ஒளிந்துகொள்கிறது.

எனக்குக் கவலை தருவது எறும்போ எலியோ அன்று. அவை விதைகளோடு எத்தனையோ யுகங்களாகக் கூடி வாழ்ந்தவை. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து அமெரிக்கப் பாலைவனங்களுக்கு மனிதரோடு வந்து சேர்ந்த செம்புல் என்ற ஒருபருவப் புல் இருக்கிறது. அது முதல் மழைக்கே ஏறக்குறைய அத்தனை விதைகளையும் முளைக்கவிடும். நல்ல மழைக்காலங்கள் தொடர்ந்து வந்தால் அடர்த்தியாகப் பரவி, காய்ந்து, கள்ளிகளுக்கிடையே தீ ஓட வழியமைக்கிறது; தீயை அறியாத அந்த நிலத்தில் நூறாண்டு வாழ்ந்த கள்ளிகள் கருகிப்போகின்றன. கடும் வறட்சி வந்ததும் மண்ணில் சேமிப்பில்லாத அந்தப் புல் திடீரென்று அற்றுப்போவதையும் கண்டிருக்கிறார்கள். கோஹனுடைய பூஜ்யம் அங்கே கண்முன் நிகழ்கிறது. ஆனால் ஈரமான மூலை முடுக்குகளில் மிஞ்சிய சில செடிகளிலிருந்து அது மறுபடி பரவிவிடுகிறது. அது அழிந்து பிழைப்பதற்குள் அது மூட்டிய தீ, பல நூற்றாண்டுகளின் சேமிப்பை அழித்துவிடக்கூடும்.

பருவமும் மாறிவருகிறது. டூமமாக் குன்றில் குளிர்கால முளைப்புக்குப் போதுமான மழை முன்பு அக்டோபர் இறுதியில் வந்தது. பிற்காலத்தில் டிசம்பருக்குத் தள்ளிப்போயிற்று. ஆகவே உலகம் வெப்பமாகிக்கொண்டிருக்கும்போதே, அங்கே விதைகள் முன்னைவிடக் குளிரான நாள்களில் முளைக்க நேர்கிறது. குளிருக்குப் பழகிய இனங்கள் பெருகி, மற்றவை குறைந்துவருகின்றன. எவரும் எதிர்பாராத இந்த மாறுதலை, வருஷா வருஷம் மண்டியிட்டு எண்ணியவர்களால்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

தரிசு என்றும் பொட்டல் என்றும் நாம் பெயரிட்டு ஒதுக்கும் நிலத்தைப் பற்றி இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரை வெயிலில், புல் பூண்டு ஒன்றும் தெரியாத ஒரு மேட்டுக்காட்டின் மேல்மண்ணை விரற்கடை ஆழத்துக்கு இரண்டு பிடி அள்ளிக்கொண்டு வாருங்கள். அகன்ற சட்டியில் பரப்பி, கொட்டாமல், மழையைப் போல் மேலிருந்து நீர் தெளியுங்கள். சில நாளில் முளைப்பவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். பிறகு மண்ணை வெயிலில் நன்றாக உலரவிட்டு, கிளறி, மறுபடி நனையுங்கள். பெரும்பாலும் இரண்டாம் முறையும் முளைக்கும். குழந்தைகளையும் அருகில் வைத்துக்கொண்டு, மூன்றாம் முறையும் நனைத்துப் பாருங்கள்.